நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் சிமெந்துத் தரை வெடித்ததை முதலில் பார்த்தவள் அந்த வீட்டுக்காரிதான். அவள் என் வயதுக்காரி. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு வரை ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். சாதாரண தரப் பரீட்சையில் அவளுக்கு எல்லாப் பாடமும் வந்தது, கணக்கு மட்டும் வரவில்லை. கணக்கு இல்லாமல் மேலே படிக்க முடியாது. அடுத்த மாதமே கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தாள். நான் படித்து, கடைசியில் அதே கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஆனேன். இருந்தாலும் இருவரும் ஒரே லயத்தில்தான் இருந்தோம். மஸ்கெலியாவிலிருந்து அரைமணி நேரம் பஸ், பிறகு மேட்டில் நடை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. நான்காவது வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு நான். பத்தாவது வீட்டில் அவளும், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்த அவள் கணவரும், எழுந்து நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்த அவள் மாமனாரும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பின்னால் நின்றாள்.

"ஏ புள்ள, ஒன்கிட்ட அடிமட்டம் இருக்குமே. எடுத்துகிட்டு வா. எங்க வீட்டுத் தரை வாயத் தொறந்துகிட்டு நிக்குது."

போய்ப் பார்த்தேன். குசினி வாசலில் தொடங்கி, மாமனாரின் கட்டிலுக்கு அடியில் புகுந்து, சுவர் மூலையில் முடிந்தது அந்த வெடிப்பு. குசினிக் கதவு இரண்டு நாளாகச் சாத்த வரவில்லை என்றாள். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மண் நிறமாக வருவதை நானும் கவனித்திருந்தேன். அதற்கு முந்திய வாரம் முழுக்க மழை.

வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு அடிமட்டத்தை வைத்தேன். நாலு மில்லிமீற்றர். சுவரில் மஸ்கெலியாக் கடை ஒன்றில் கொடுத்த கலண்டர் தொங்கியது. அன்றைய திகதிக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். கட்டிலில் கிடந்த பெரியவர், "என்னா எழுதுறீங்க?" என்று கேட்டார். "ஒங்க வயச எழுதுறோம் மாமா" என்றாள் அவள். அவர் சிரித்தார்.

மறுநாள் மாலை பாடசாலை விட்டு வந்து அளந்தேன். ஏழு. செவ்வாய்க்கிழமை பத்து. புதன் பதின்மூன்று. சரியாக அப்படியே இருக்கவில்லை, ஒரு நாள் அரை மில்லிமீற்றர் கூட இருக்கும், ஒரு நாள் குறையும். நான்தான் முழு எண்ணாக்கிக்கொண்டேன். அந்த வாரம் மழை கொஞ்சம்தான். தூறல் போட்டுப் போட்டு விட்டது.

வியாழக்கிழமை கிராம சேவகரோடு மண்சரிவு அனர்த்தங்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் வந்தார். சிங்களத்தில்தான் பேசினார். லயத்தாருக்கு நான் தமிழில் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் மலையேறிப் பார்த்தார். திரும்பி வந்து, கடைசி மூன்று வீடும் நல்லதாக இல்லை, இன்றைக்கே போய்விடுங்கள் என்றார். எங்கே போவது என்று பலர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கீழே தோட்டத்து மண்டபத்தில் இருக்கலாம் என்றார் கிராம சேவகர். எத்தனை நாளைக்கு என்று கேட்டபோது பேர்ப் பட்டியலை எடுத்தார்.

நான் அதிகாரியிடம் தனியாகக் கேட்டேன். இது எவ்வளவு அகலமானால் ஆபத்து?

அப்படி ஒரு கணக்கு இல்லை மிஸ் என்றார். நான் விடவில்லை. தான் பார்த்த ஒரு இடத்தில் நாலு சென்ரிமீற்றர் தாண்டிய பிறகு வீடு சரியத் தொடங்கியது, ஐந்தரைக்கு மேல் எதுவும் நின்றதில்லை என்று சொன்னார். உடனே, அதை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், இன்றைக்கே போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தையும் நான் தமிழில் சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் எனக்குள் தங்கியது அந்த இரண்டு எண்தான். நாற்பது, ஐம்பத்தைந்து.

எட்டாவது வீட்டாரும் ஒன்பதாவது வீட்டாரும் அன்றே சாமான்களைக் கட்டினார்கள். அவள் கட்டவில்லை. மண்டபத்துக் கக்கூசு முந்நூறு அடி தள்ளி, படி இறங்கிப் போக வேண்டும். பெரியவரை அங்கே தரையில் கிடத்தி, ஊரார் முன்னால் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது எப்படி என்பதுதான் அவளுடைய கவலை. அவரும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அளந்தபோது பத்தொன்பது. அவள் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ சொல்லு. எப்ப போகணும்? சரியான நாளச் சொன்னா அதுக்கு மொத நாளு போயிருவேன். சும்மா பத்து நாளு முன்னாடியே போயி அந்த மனுசன வதைக்க முடியாது."

பையில் பழைய வினாத்தாள் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் போட்டேன். நாட்களை x என்று வைத்தேன், வெடிப்பின் அகலத்தை y என்று வைத்தேன். தொடங்கிய ஞாயிறு பூச்சியமாவது நாள். அன்று நாலு. ஒவ்வொரு நாளும் மூன்று கூடுகிறது. ஆகவே y = 3x + 4. நேர்கோடு.

"இதுல நாள் தெரிஞ்சா அகலம் வந்துரும்" என்றேன். "இப்ப நமக்கு அகலம் தெரியும், நாள்தான் வேணும். திருப்பிப் போகணும்."

"எப்புடி?"

"அகலம் நாப்பதுலேருந்து அம்பத்தஞ்சு வரைக்கும். ரெண்டுலயும் நால கழி. முப்பத்தாறு, அம்பத்தொன்னு. மூணால வகு."

அவள் மாவுக் கையோடு தாளைக் குனிந்து பார்த்தாள். "பன்னண்டு. பதினேழு" என்றாள். நான் சொல்வதற்கு முன்னால் சொன்னாள்.

"பாத்தியா, வந்துருச்சே."

"விடையப் பாத்துட்டு கணக்கப் போடுறதுதானே. புத்தகத்துப் பின்பக்கம் விடையப் பாத்துகிட்டே நான் எத்தன கணக்குப் போட்டிருக்கேன். பரீட்சையிலதான் விடையக் குடுக்க மாட்டேங்குறான்."

இருவரும் சிரித்தோம். நான் கலண்டரைப் பார்த்து எண்ணினேன். பன்னிரண்டாவது நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. பதினேழாவது நாள் அதற்கு அடுத்த புதன். சார்பு ஒன்றுக்குள் போகும் எண்களின் கூட்டத்தை எங்கள் பாடநூல் ஆட்சி என்று சொல்கிறது. வெளியே வரும் எண்களின் கூட்டம் வீச்சு. வீச்சு தெரிந்தால் ஆட்சியைக் காணலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் செய்யும் வேலை. பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

"அப்ப வியாழக்கிழமை போயிருறேன்" என்றாள். "ஸ்டோருல அவருக்கும் அன்னைக்குத்தான் லீவு. ஆளுங்க நாலு பேரு கட்டிலோட தூக்கிருவாங்க."

"சரி" என்றேன்.

அந்தச் சரியை நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அண்ணன் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ நல்லாப் போட்டிருப்ப. ஆனா நான் நாளைக்கு புள்ளைங்கள கூட்டிகிட்டு மண்டபத்துக்குப் போறேன். நீயும் வா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒன்னும் இல்லண்ணே. அதுவும் நம்ம வீடு நாலாவது."

"இருக்கட்டும். வா."

போனேன். பெரிதாக மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே பாய், தலையணை, புத்தகங்கள், பாடசாலைக்குக் கட்டும் ஆறு சேலைகள் எல்லாம் மண்டபத்துக்கு வந்துவிட்டன. அவளிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். "போங்க போங்க, நல்ல எடமாப் புடிச்சு வையி, வியாழக்கிழமை வந்து பக்கத்துல படுக்குறேன்" என்றாள். பிறகு பல தடவை இதை யோசித்திருக்கிறேன். கணக்கைப் போட்டவள் நான். அதை நம்பாமல் ஐந்து நாள் முன்னால் கீழே இறங்கியவளும் நான். நம்பி மேலே இருந்தவள் அவள்.

ஆனாலும் மாலையில் மேலே ஏறிப் போய் அளப்பதை விடவில்லை. ஞாயிறு இருபத்தைந்து. திங்கள் இருபத்தெட்டு. எட்டாவது நாளுக்குக் கணக்குப்படி இருபத்தெட்டுத்தான் வர வேண்டும். சரியாக வந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத முடியாது. "பாரு, ஒரு மில்லி தப்பல" என்று அவளிடம் காட்டினேன். அவள் கலண்டரில் எழுதினாள். அவளுடைய எட்டு எப்போதும் மேலே திறந்தபடி இருக்கும், பூச்சியத்தை முடிக்காமல் விட்டது போல. பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி வாங்கியிருக்கிறாள். அடிமட்டத்தை அவளிடமே விட்டுவிட்டு நான் இறங்கும்போது மழை பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை மழை விடவில்லை. மண்டபத்துத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. நான் குடையோடு பஸ்ஸுக்குப் போனேன். மேலே ஏறிப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போனால் ஆறே முக்கால் பஸ் தவறிவிடும். மாலையில் அளக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பில் நின்றேன். அதிபர் வாசலில் வந்து நின்றார். நான் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் பாதியில் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். திரும்பி மீதிப் பாதியை எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. சோக்கை வைத்துவிட்டு வெளியே போனேன்.

"ஒங்க லயத்துல மண்ணு சரிஞ்சிருச்சாம். அண்ணன் பேசினாரு. அவங்க எல்லாம் நல்லா இருக்காங்க" என்றார்.

"கடைசி வீடு?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை.

பஸ் பாதி வழிதான் போனது. பாதையில் மரம் விழுந்து கிடந்தது. மீதியை நடந்தேன். நடக்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நடந்தேன். மற்றச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

லயத்தில் ஏழு வீடு நின்றது. அதற்கு அப்பால் சிவப்பு மண். தேயிலைச் செடிகள் நின்றபடியே இறங்கி வந்து, வீடு இருந்த இடத்தில் நிரை கலையாமல் நின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அங்கே வீடு இருந்ததே தெரியாது. தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் அவர்கள் நடுவில் நின்றார். அவருக்குக் காலை வேலை, ஸ்டோரிலிருந்து ஓடி வந்திருக்கிறார். வேலைக்குப் போட்டிருந்த காக்கிச் சட்டை அப்படியே இருந்தது. யாரோ அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் இன்னொன்றை எடுத்தார்.

பகல் ஒரு மணிக்கு இராணுவத்துப் பையன்கள் வந்தார்கள். பெரியவரை அன்று மாலை எடுத்தார்கள், கட்டிலோடு. அவளை மறுநாள் காலையில் எடுத்தார்கள். குசினிப் பக்கமாக இருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். முகத்தைத் துடைத்திருந்தார்கள். அவளுடைய தலைமயிருக்குள் தேயிலைச் சருகு இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினொன்று வரை எடுத்தேன், பிறகு பெண்கள் என்னை எழுப்பி அந்தப் பக்கம் கூட்டிப் போனார்கள்.

எல்லோரும் அழுதார்கள். அவளோடு கொழுந்து எடுத்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் மண்டபத்துப் பின்பக்கம் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். பெரிய அண்டா. வந்தவர்களுக்கு ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். சீனி முடிந்தபோது சீனி வாங்க ஆள் அனுப்பினேன். பாண் வெட்டினேன். "டீச்சர்தான் எல்லாத்தையும் தைரியமாப் பாத்துக்கிட்டாங்க" என்று யாரோ சொல்வது கேட்டது. தைரியம் இல்லை. கை மரத்துப் போனால் சூடு தெரியாதே, அப்படித்தான் இருந்தது. அன்று தேத்தண்ணிக் கேத்தல் பட்டு விரல் கொப்பளித்திருந்ததை மறுநாள் குளிக்கும்போதுதான் பார்த்தேன்.

எட்டு நாள் கழித்துப் பாடசாலைக்குப் போனேன். பாடம் எடுத்தேன். என் குரல் எப்போதும் போலவே வந்தது. சாப்பிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கினேன். கனவில் அவள் வருவாள் என்று பயந்தேன். வரவில்லை. அண்ணி ஒரு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அழுதுரும்மா, நல்லது" என்றாள். முயன்று பார்த்தேன். கொட்டாவி வந்தது.

ஒரு மாதத்தில் பத்தாம் வகுப்புக்கு வரைபு அலகு வந்தது. நான் அதைத் தள்ளிப்போடவில்லை, வேறு யாரையும் எடுக்கச் சொல்லவுமில்லை. நேர்கோட்டை வரைந்தேன். y அச்சில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அங்கிருந்து குறுக்கே கோடு வரை போய், கோட்டிலிருந்து x அச்சுக்கு இறங்கிக் காட்டினேன். "வீச்சு தந்தால் இப்படிப் பின்னால் வந்து ஆட்சியைக் காணலாம்" என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை, "டீச்சர், இது ஈசி" என்றாள். ஆமாம் என்றேன். அன்று கோடு கீறிய அந்தக் கை என்னுடையது போலவே தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் கணவர் மண்டபத்துக்கு வந்தார். அவர் அப்போது ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தார். நாங்கள் இன்னமும் மண்டபத்தில்தான். குடும்பத்துக்குக் குடும்பம் சேலையைக் கட்டித் தடுத்திருந்தோம். அவர் எங்கள் தடுப்புக்கு வெளியே நின்று இருமினார். நான் எழுந்து வந்தேன். தாடி வளர்ந்திருந்தது.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். வேலையா இருக்கீங்களா?"

"இல்லண்ணே. ஒக்காருங்க."

வாசற்படியில் உட்கார்ந்தோம்.

"அந்தக் கணக்க எனக்குக் காட்டுங்க. அவ சொன்னா, எனக்கு ஒழுங்கா வெளங்கல. நான் எட்டு வரைக்குந்தான் படிச்சேன்."

எனக்குள் ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. உள்ளே போய் ஒரு கொப்பியும் வேறோர் அடிமட்டமும் எடுத்து வந்தேன். பழைய தாளைப் பிறகு அவளிடமே கொடுத்திருந்தேன், அது வீட்டோடு போய்விட்டது. புதிதாகப் போட்டேன். கோடு கீறினேன். நாள் இது, அகலம் இது. ஞாயிறு நாலு, திங்கள் ஏழு, செவ்வாய் பத்து. மெதுவாகச் சொன்னேன். அவர் ஒவ்வொரு இடத்திலும் "ம்" என்றார். விளங்காத இடத்தில் விரலை வைத்து, "இது எப்புடி?" என்று கேட்டார். நான்கைக் கழித்தேன், மூன்றால் வகுத்தேன். பன்னிரண்டு, பதினேழு.

"அப்ப நாப்பது ஆகுற வரைக்கும் வீட்டுல இருக்கலாம். அதான?"

"அப்புடித்தான் நான் சொன்னேன்."

அவர் தலையாட்டினார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கு நான் வேலைக்குப் பொறப்படுறப்போ அவ அளந்தா."

நான் அவரைப் பார்த்தேன்.

"காலைல. ஒங்க மாதிரியே குனிஞ்சு வச்சுப் பாத்தா. என்னா மழை, போயிருவமான்னு நான் கேட்டேன். முப்பத்தேழுன்னா. இன்னும் நாப்பது ஆகல, டீச்சர் சொன்ன மாதிரி வியாழக்கிழமை போயிரலாம்னா."

முப்பத்தேழு. முந்திய நாள் மாலை இருபத்தெட்டு. ஒன்பதாவது நாளுக்கு என் கணக்கு முப்பத்தொன்று. நான் கொப்பியில் எழுதினேன். முப்பத்தேழில் நான்கு போக முப்பத்து மூன்று. மூன்றால் வகுத்தால் பதினொன்று.

"என்னா போடுறீங்க?"

"முப்பத்தேழுன்னா பதினோராவது நாளு" என்றேன்.

"பதினோராவது நாளுன்னா?"

"வியாழக்கிழமை."

அவருக்கு அது உடனே விளங்கவில்லை. விரலைக் கொப்பியில் வைத்து, கோட்டின் மேல் நகர்த்தி, கீழே இறக்கினார். நான் காட்டிக்கொடுத்த மாதிரியே இறக்கினார்.

"அப்ப தரைக்கு அன்னைக்கே வியாழக்கிழமையா?"

"ஆமாண்ணே."

மண்டபத்துக்குள்ளே யாரோ வானொலி வைத்திருந்தார்கள். செய்தி ஓடியது.

"இதுல மழை எங்க இருக்கு?" என்று கேட்டார். "இந்தக் கணக்குல?"

"இல்ல. மழைய நான் போடல. ஒவ்வொரு நாளும் மூணு மூணா கூடும்னு வச்சுக்கிட்டேன். அது ஆறு நாளு பாத்தது. ஆறு நாளுக்கு மட்டுந்தான் எனக்குத் தெரியும். மீதிய நானா நீட்டுனேன்."

அவர் ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். திட்டுவார் என்று இருந்தேன். திட்டினால் எனக்கு ஏதாவது ஆகும் என்றும் நினைத்தேன்.

அவர் வேறொன்றைக் கேட்டார்.

"டீச்சர், அவ அளந்தது சரியா? எப்பப் பாத்தாலும் எனக்குக் கணக்கு வராது, கணக்கு வராதுன்னுதான் சொல்லுவா. அவ தப்பாப் பாத்துட்டாளோன்னுதான் எனக்கு. ஊருல அப்புடியும் பேசுறாங்க. பாக்கத் தெரியாமப் பாத்துட்டான்னு."

"இல்ல" என்றேன். "அவ சரியாத்தான் அளந்தா. அளந்தது, படிச்சது, நாப்பது ஆகலன்னு சொன்னது, எல்லாம் சரி. நான் குடுத்ததுதான் தப்பு. அதக் கேக்குறவங்ககிட்ட சொல்லுங்க. டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"நான் யாருகிட்டயும் ஒன்னும் சொல்லப் போறதில்ல" என்றார். "எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

கொப்பித் தாளைத் தரச் சொன்னார். கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அண்ணி தேத்தண்ணி கொண்டு வந்தாள். குடித்தார். மாமனாருக்கும் அவளுக்கும் தள்ளிப்போயிருந்த கரும காரியம் எந்தக் கிழமை என்று சொன்னார். அப்பனை மாமனார் என்று சொல்கிறாரே என்று பார்த்தேன். அவள் சொல்லிச் சொல்லி அவர் வாயிலும் அது பழகிவிட்டிருந்தது. எழுந்து, "வர்றேன் டீச்சர்" என்று சொல்லிப் போனார். மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு வேண்டிய ஏதோ ஒன்று எனக்குள் அன்று இருக்கவில்லை.

அவர் அந்த வருடமே ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு ராகலைக்குப் போனார். அங்கே அவர் அக்கா வீட்டார் லீக்ஸும் கரட்டும் போடுகிறார்கள். எப்போதாவது ஒரு பண்டிகைக்குத் தொலைபேசியில் பேசுவார். சுகம் விசாரிப்பார். அங்கே குளிர் கூட என்பார். நானும் இங்கே மழை என்பேன்.

நாங்கள் மண்டபத்தில் பதினான்கு மாதம் இருந்தோம். பிறகு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் எங்களுக்கு இடம் குறித்தார்கள். வீடு இன்னும் முடியவில்லை. சுவர் எழும்பி, தகரம் போட்டு, குடியேறிவிட்டோம். அண்ணன் மழை நாட்களில் வீட்டின் பின்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். நான் போவதில்லை.

வகுப்பில் ஒரு பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. நேர்கோடு வரைந்தால் பிள்ளைகள் தாள் ஓரம் வரை இழுத்துவிடுவார்கள். கோடு என்றால் அப்படித்தானே. நான் எந்தப் புள்ளி வரை அளந்தோமோ அதுவரை அழுத்தமாக வரையச் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருவதைப் புள்ளிக்கோடாகப் போடச் சொல்கிறேன். புள்ளிக்கோட்டுக்குப் பரீட்சைப் புள்ளி உண்டா டீச்சர் என்று கேட்பார்கள். இல்லை, பரீட்சையில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் போடுங்கள் என்பேன். பெரும்பாலும் போடுவார்கள். சிலர் மறந்துவிடுவார்கள். மறந்ததற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. சிவப்புப் பேனையால் நானே அந்த இடத்தில் கோட்டை வெட்டி வெட்டிப் புள்ளிகளாக்கி, கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கொப்பியை எடுப்பேன்.

போன மாதம் ஹட்டனில் செருப்புக் கடையொன்றில் நின்றேன். விற்பனைப் பெண் அளவு கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எண் தெரியும், வாயில் வரவில்லை. அவள் ஒரு அடிமட்டப் பலகையைக் கொண்டு வந்து என் காலடியில் குனிந்து வைத்தாள். நான் கடையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கொஞ்சம்தான். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். மிளகாய் பட்டிருச்சும்மா என்று ஏதோ சொன்னேன். முப்பத்தேழாம் அளவு சரியாக இருந்தது. போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.